வெளிநாட்டு விசாவுக்கு ஏஜெண்ட்கிட்ட பணம் கட்டுறதுக்கு முன்னாடி, ஃபைல்ல கையெழுத்து யாருதுன்னு கேளுங்க

எங்க கிருஷ்ணகிரில ரயில் ஏறணும்னா ஓசூருக்கோ தருமபுரிக்கோ ஜோலார்பேட்டைக்கோ பஸ் புடிச்சு போகணும், மாவட்டத் தலைநகர்னு பேரு தான், ஸ்டேஷன் கிடையாது. ஆனா கனடாவுக்கு ஏத்திவிடுறோம் ஆஸ்திரேலியாவுக்கு ஏத்திவிடுறோம்னு சொல்ற ஆளுங்க மட்டும் வருஷா வருஷம் கூடிக்கிட்டே இருக்காங்க. நான் டவுன்ல ஒரு சின்ன ஜெராக்ஸ் ப்ரௌசிங் கடை வச்சிருக்கேன். பாஸ்போர்ட் அப்ளை பண்ண, மார்க் ஷீட் ஸ்கேன் பண்ண, பேங்க் ஸ்டேட்மெண்ட் பிரிண்ட் எடுக்கன்னு வர்ற பசங்க கையில அந்த ஆபீஸ்காரங்க குடுத்த ஃபைலும் இருக்கும், பாக்காம இருக்க முடியாது. நான் வக்கீல் இல்ல, கன்சல்டன்டும் இல்ல. இத்தன வருஷமா ஃபைல பாத்து பாத்து கத்துக்கிட்டது கொஞ்சம் இருக்கு, அதுக்கு மேல எங்க வீட்டுலயே ஒண்ணு நடந்துச்சு, அதான் எழுதுறேன்.

எங்க அக்கா பையன், டிப்ளமோ மெக்கானிக்கல், ஓசூர் சிப்காட்ல ரெண்டு வருஷமா வேலை பாத்துட்டு இருந்தான். பெங்களூர்ல ஒரு ஆபீஸ், பேர் வேணாம், கனடா ஒர்க் பெர்மிட்டுன்னு சொல்லி ஒன்னேமுக்கால் லட்சம் வாங்கிட்டாங்க, அக்கா காவேரிப்பட்டணம் பக்கம் இருக்கற மாந்தோப்பை குத்தகைக்கு விட்ட அட்வான்ஸ் பணம் அது. ஏசி ரூம், டேபிள் மேல குட்டி கனடா கொடி, "எங்ககிட்ட கனடா லாயரே இருக்காங்க தம்பி, நீ கவலப்படாத"ன்னு பேச்சு. எட்டு மாசம் எப்ப போன் பண்ணாலும் ப்ராசஸ்ல இருக்குன்னு ஒரே பதில். கடைசில என் கடைக்கு வந்து "மாமா, இத கொஞ்சம் பாரு மாமா"ன்னு ஃபைல வச்சான். நான் கேட்டது ஒரே கேள்வி தான். உனக்காக இதுல கையெழுத்து போட்டிருக்கறது யாருடா? அவனுக்கு தெரியல. அவங்கள கேக்க சொன்னேன், மழுப்பினாங்க. அக்காவே நேர்ல போய் உக்காந்து சத்தம் போட்டப்புறம் தான் லாகின் குடுத்தாங்க. உள்ள போய் பாத்தா இவன் பேர்ல அவங்களே ஒரு ஜிமெயில் ஆரம்பிச்சு, இவனே சொந்தமா அப்ளை பண்ண மாதிரி போட்டிருக்காங்க, அதுவும் ஒர்க் பெர்மிட் கிடையாது, சாதா விசிட்டர் விசா. அதுக்கு கவர்மெண்ட் ஃபீஸ் 100 கனடா டாலர் தான், பயோமெட்ரிக்கு 85. ரிஜெக்ட் லெட்டர் வந்து அஞ்சு மாசம் ஆகியிருக்கு, இவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அதெல்லாம் விட என் வயித்த கலக்குனது என்னன்னா, ஃபார்ம்ல இவனுக்கு ஆறு வருஷ அனுபவம்னு எழுதி வச்சிருந்தாங்க.

இத கனடால கோஸ்ட் கன்சல்டன்ட்னு சொல்றாங்க, பேய் மாதிரி, வேலை செய்வான் ஆனா பேப்பர்ல எங்கயும் இருக்க மாட்டான். பிரதிநிதி யாராவது இருக்காங்களான்னு ஃபார்ம்லயே கேள்வி இருக்கு, அதுல இல்லன்னு போட்டுருவாங்க. நாளைக்கு பொய் மாட்டுனா மாட்டறது அப்ளை பண்ணவன் மட்டும் தான். கனடா இமிக்ரேஷன் சட்டத்துல 40ஆவது பிரிவு, பொய்த் தகவல் குடுத்தா அஞ்சு வருஷம் உள்ள விட மாட்டாங்க, ஏஜெண்ட் தான் எழுதினான் எனக்கு தெரியாதுன்னு சொன்னா பெருசா எடுபடாது. 2023ல பஞ்சாப் பசங்க நூத்துக்கணக்குல மாட்டினாங்களே ஞாபகம் இருக்கா, காலேஜ் அட்மிஷன் லெட்டரே போலி, அங்க போய் படிச்சு முடிச்சு பிஆர், அதாவது அங்கயே நிரந்தரமா தங்கற உரிமைக்கு அப்ளை பண்றப்ப தான் தெரிஞ்சுது, நெறைய பேருக்கு லெட்டர் போலின்னே தெரியாது. அதுக்கப்புறம் 2023 டிசம்பர்ல இருந்து ஒவ்வொரு லெட்டரையும் காலேஜ்கிட்ட கேட்டு சரிபாத்துட்டு தான் ஃபைல எடுக்குறாங்க.

சரி விஷயத்துக்கு வருவோம். நம்ம ஆளுங்க முதல்ல ஏமாறுறது செவுத்துல மாட்டியிருக்கற ஃப்ரேமுல தான். ஜிஎஸ்டி சர்டிஃபிகேட், உத்யம் ரெஜிஸ்ட்ரேஷன், ஐஎஸ்ஓ, கூடவே யாரோ சினிமாக்காரங்க கூட எடுத்த போட்டோ. அந்த ஜிஎஸ்டி நம்பர் பக்கத்து பேக்கரிக்கும் தான் இருக்கு. இன்னொரு நாட்டு விசாவுக்கு காசு வாங்கிட்டு ஆலோசனை சொல்ற தகுதிய குடுக்கறது நம்ம ஊர் கிடையாது, நீங்க போகப்போற நாடு. அதுவும் ஆபீசுக்கு குடுக்கறது இல்ல, ஒரு ஆளுக்கு குடுக்கறது, அந்த ஆளுக்கு ஒரு நம்பர் இருக்கும், அந்த நம்பர அந்த நாட்டு இணையதளத்துல யார் வேணா இலவசமா தேடலாம். நம்ம கோர்ட்ல நல்லா பேர் வாங்கின வக்கீலா இருந்தாலும் அவரு தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில்ல பதிஞ்சவரு, அஃபிடவிட் போட, பேர் மாத்தின கெசட் பேப்பர் பாக்க, சொத்து பத்திரம் பாக்கன்னு அவர்கிட்ட போங்க, ஆனா கனடா இமிக்ரேஷன் முன்னாடி உங்களுக்காக நிக்க அந்த பதிவு போதாது.

கனடாவ கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா என் கடைக்கு வர்றதுல பெரும்பாலும் அது தான். காசு வாங்கிட்டு ஆலோசனை சொல்லவோ ஃபைல் போடவோ அங்க சட்டப்படி ரொம்ப கொஞ்சம் பேருக்கு தான் உரிமை. ஏதாவது ஒரு மாகாணத்து லா சொசைட்டில, நம்ம பார் கவுன்சில் மாதிரி, அதுல இருக்கற வக்கீல், ஒன்டாரியோ லா சொசைட்டில இருக்கற பாராலீகல், கியூபெக் நோட்டரி, அப்புறம் ஆர்சிஐசின்னு சொல்ற லைசன்ஸ் வாங்கின கன்சல்டன்ட். ஸ்டூடண்ட் விஷயத்துக்கு மட்டும் ஆர்ஐஎஸ்ஐஏன்னு இன்னொரு வகை இருக்கு. ஆர்சிஐசி லைசன்ஸ 2021 நவம்பர்ல இருந்து காலேஜ் ஆஃப் இமிக்ரேஷன் அண்ட் சிட்டிசன்ஷிப் கன்சல்டன்ட்ஸ்னு ஒரு அமைப்பு பாத்துக்குது, பேர்ல காலேஜ் இருக்கேன்னு படிக்கற இடம்னு நெனச்சுறாதீங்க. அதுக்கு முன்னாடி ஐசிசிஆர்சின்னு வேற அமைப்பு இருந்துச்சு, இன்னமும் அந்த பழைய லோகோவ போர்டுல வச்சிருக்கறவங்கள பாத்தா ரெண்டு கேள்வி சேர்த்தே கேளுங்க. ஆர்சிஐசி நம்பர் ஆர்னு ஆரம்பிச்சு ஆறு டிஜிட் வரும்.

நம்பர் குடுத்துட்டாங்கன்னு அங்கயே நிம்மதி ஆயிடாதீங்க, திருட்டு நம்பர் தான் இப்ப ஜாஸ்தி. காலேஜோட பப்ளிக் ரெஜிஸ்டர்ல போய் நீங்களே அடிச்சு பாருங்க, அவங்க அனுப்பின லிங்க்க தொடவே தொடாதீங்க. ஆக்டிவா, சஸ்பெண்டா, ரத்தானு காட்டும். பேரு, கம்பெனி பேரு சரியா இருக்கான்னு பாருங்க. அடுத்து செய்ய வேண்டியது தான் முக்கியம், யாரும் செய்யறதில்ல. ரெஜிஸ்டர்ல இருக்கற மெயிலுக்கு, விசிட்டிங் கார்டுல இருக்கற மெயிலுக்கு இல்ல, ரெஜிஸ்டர்ல இருக்கறதுக்கு, ரெண்டு வரி எழுதுங்க: கிருஷ்ணகிரில இருந்து எழுதுறேன், பெங்களூர்ல இந்த ஆபீஸ் உங்களுக்காக வேலை செய்யுதா, என் ஃபைல்ல நீங்க தான் கையெழுத்து போடுவீங்களா. எங்க அக்கா பையன் விஷயத்துல நாங்க ரொம்ப வற்புறுத்தினப்புறம் அந்த ஆபீஸ்காரங்க ஒரு நம்பர் குடுத்தாங்க, நம்பர் உண்மை தான், டொரண்டோ பக்கம் இருக்கற ஒருத்தரோடது. மெயில் போட்டோம், மூணாவது நாள் பதில் வந்துச்சு, அந்த ஆபீச நான் கேள்விப்பட்டதே இல்லன்னு. இங்கிலீஷ் சரியா வரலைன்னு கூச்சப்படாதீங்க, உடைஞ்ச இங்கிலீஷ்ல தான் நாங்களும் எழுதினோம்.

உண்மையான பிரதிநிதின்னா ஐஎம்எம் 5476னு ஒரு ஃபார்ம்ல உங்க கையெழுத்தும் அவங்க கையெழுத்தும் சேர்ந்து இருக்கும், அதுல அவங்க மெம்பர்ஷிப் நம்பர் இருக்கும். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி என்ன வேலை, எவ்ளோ ஃபீஸ், எப்ப எப்ப கட்டணும், நின்னு போனா எவ்ளோ திருப்பித் தருவாங்கன்னு எழுதின ஒப்பந்தம் ஒண்ணு போடுவாங்க. இது ரெண்டும் கேட்டப்ப "அதெல்லாம் கடைசில தான் சார்"னு யாராவது சொன்னா பையத் தூக்கிட்டு கெளம்பிருங்க.

ஆஸ்திரேலியால மைக்ரேஷன் ஏஜெண்ட்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் அத்தாரிட்டி, மாரான்னு சொல்வாங்க, ஏழு டிஜிட் நம்பர். இங்க ஒரு சிக்கல் இருக்கு. ஆஸ்திரேலியாக்குள்ள உக்காந்து ஆலோசனை சொல்றவங்களுக்கு தான் அந்த ரெஜிஸ்ட்ரேஷன் கட்டாயம், இந்தியால உக்காந்து சொல்றவன் பதியாம இருந்தாலும் அந்த நாட்டு சட்டப்படி குத்தம் ஆகாது. அதனால சென்னைலயும் பெங்களூர்லயும் எஜுகேஷன் ஏஜெண்டுங்க, காலேஜ்கிட்ட கமிஷன் வாங்குறவங்க, பிஆர் வரைக்கும் பேசுவாங்க. காலேஜ் அட்மிஷனுக்கு அவங்க ஓகே, விசா ஆலோசனைக்கு மாரா நம்பர் இருக்கறவங்க கிட்டயே போங்க, நாளைக்கு தப்பு நடந்தா புகார் பண்ணவாவது ஒரு இடம் இருக்கும். 2021 மார்ச்ல இருந்து அங்க வக்கீலுங்க மாரா லிஸ்ட்ல வரமாட்டாங்க, அவங்கள அந்தந்த மாநில வக்கீல் பதிவுல தேடணும், லிஸ்ட்ல இல்லைன்னு நல்ல வக்கீல போலின்னு நெனச்சுறாதீங்க. நியூசிலாந்து இதுல கறார், வெளிநாட்டுல உக்காந்து சொன்னாலும் லைசன்ஸ் வேணும், ஸ்டூடண்ட் விசாவுக்கு மட்டும் வெளிநாட்டு ஏஜெண்டுக்கு விலக்கு இருக்கு.

இங்கிலாந்துக்கு, லண்டன்பேட்டைக்கு இல்லீங்க அது நம்ம ஊர்லயே இருக்கு ஷேர் ஆட்டோல போயிரலாம், நெஜ லண்டனுக்கு இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டின்னு 2025 ஜனவரில இருந்து புதுப் பேரு, முன்னாடி ஓஐஎஸ்சி. மூணு லெவல் இருக்கு, முதல் லெவல்காரர் சாதா அப்ளிகேஷன் மட்டும் தான் பாக்கலாம், அப்பீல் கேஸ் எல்லாம் அவரு தொடக்கூடாது. சொலிசிட்டர்னா, அதாவது அந்த ஊர் வக்கீல்னா, சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் அத்தாரிட்டில தேடணும். கேர் ஒர்க்கர் விசான்னு இன்னமும் யாராவது பத்து பன்னண்டு லட்சம் கேட்டா, வெளிநாட்டுல இருந்து புது ஆளுங்கள அந்த வேலைக்கு எடுக்கறத 2025 ஜூலை 22ஓட நிறுத்திட்டாங்கன்னு சொல்லிட்டு வந்துருங்க.

அமெரிக்காக்கு வக்கீல் தான், ஏதோ ஒரு மாநில பார்ல பதிஞ்சிருக்கணும், எந்த மாநிலமா இருந்தாலும் இமிக்ரேஷன் பாக்கலாம் ஏன்னா அது மத்திய சட்டம். வக்கீல் இல்லாதவங்கன்னா நீதித்துறை அங்கீகரிச்ச தொண்டு அமைப்புல இருக்கற பிரதிநிதிங்க மட்டும். ஃபைல்ல ஜி-28ங்கற ஃபார்ம்ல அவங்க கையெழுத்து இருக்கும். நம்ம ஊர்ல நோட்டரின்னாலே வக்கீல் தான், அங்க அப்படி இல்ல, நோட்டரி பப்ளிக்ன்னா சும்மா கையெழுத்துக்கு சாட்சி முத்திரை போடறவரு, அந்த பேர வச்சு ஏமாத்துறது அங்க பெரிய தொழிலாவே நடக்குது. ஹெச்1பிங்கற வேலை விசாவுக்கு பெட்டிஷன் செலவ கம்பெனி தான் ஏத்துக்கணும், உங்ககிட்ட "ஸ்பான்சர் ஃபீஸ்" கேட்டா அங்கயே கோணல். கிரீன் கார்டு லாட்டரில பேர் போட்டுத் தர்றேன்னு ஆயிரம் ரெண்டாயிரம் வாங்குறவங்களும் இருக்காங்க, இந்தியால பொறந்தவங்களுக்கு அந்த லாட்டரி கிடையவே கிடையாது, பொண்டாட்டியோ புருஷனோ வேற நாட்டுல பொறந்திருந்தா மாதிரி ஒண்ணு ரெண்டு விதிவிலக்க தவிர.

பேசற விதத்துலயே நெறைய தெரிஞ்சுரும். விசா கேரண்டின்னு சொல்றவன் யாரா இருந்தாலும் பொய் சொல்றான், முடிவு எடுக்கறது அந்த நாட்டு ஆபீசர், விஎஃப்எஸ்னு விசா அப்ளிகேஷன் வாங்கற சென்டர்ல உக்காந்திருக்கறவங்க கூட பேப்பர வாங்கி அனுப்பறவங்க தான். எம்பசில ஆள் இருக்காங்க, இன்னிக்கே கட்டுனா ஆஃபர், நாளைக்கு ஃபீஸ் ஏறுது, இதெல்லாம் ஆடித்தள்ளுபடி பேச்சு. பேங்க் பேலன்ஸ் நாங்களே காட்டிக்கறோம், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் நாங்களே ரெடி பண்றோம்னு சொன்னா அது உங்களுக்கு பண்ற உதவி இல்ல, எங்க பையனுக்கு ஆறு வருஷம் எழுதின கதை தான். எல்எம்ஐஏ, அதாவது வெளிநாட்டு ஆள வேலைக்கு எடுக்க கனடா முதலாளி வாங்கற அனுமதி, அத வித்துத் தர்றோம்னு ஒரு குரூப் சுத்துது, அந்த 1000 டாலர் ஃபீஸ் கனடா முதலாளி கட்ட வேண்டியது, வேலைக்கு வர்றவன்கிட்ட வசூல் பண்றது அங்கயே தப்பு, அதுவும் இல்லாம கனடா பிஆருக்கு பாயிண்ட் போட்டு ஆள் எடுக்கற எக்ஸ்பிரஸ் என்ட்ரில வேலை ஆஃபருக்கு குடுத்துட்டு இருந்த பாயிண்ட 2025 மார்ச்லயே எடுத்துட்டாங்க.

காசு விஷயத்துல நான் கொஞ்சம் கண்டிப்பானவன், என்கிட்ட கேக்குற பசங்களுக்கு இப்படித்தான் சொல்றேன். மொத்தமா கட்டாத, ஒவ்வொரு வேலை முடிஞ்சப்புறம் ஒரு தவணை. ஓனரோட சொந்த ஜிபே நம்பருக்கு போடாத, கம்பெனி அக்கவுண்டுக்கு போட்டு பில் வாங்கு. கையில ரொக்கமா குடுக்கவே குடுக்காத, "ஜிஎஸ்டி மிச்சம் ஆகும்ல"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க, மிச்சம் ஆகறது உன் பணம் இல்ல, அவன் மேல இருக்கற சாட்சி. கவர்மெண்ட் ஃபீஸ் தனி, அவங்க ஃபீஸ் தனின்னு பிரிச்சு எழுதச் சொல்லு, முடிஞ்சா கவர்மெண்ட் ஃபீச உன் கார்டுலயே நீ கட்டு. சொந்த மெயில் ஐடி, சொந்த போன் நம்பர், பாஸ்வேர்டு உன்கிட்டயும் இருக்கணும். அனுப்பறதுக்கு முன்னாடி முழு ஃபார்மையும் பிரிண்ட் எடுத்து ஒவ்வொரு வரியா படி, அம்மாவ உக்கார வச்சு தமிழ்ல சொல்லிக்காட்டு, பிறந்த தேதி தப்ப எங்க அக்கா தான் கண்டுபிடிச்சா, படிச்ச நாங்க யாரும் இல்ல. காலி ஃபார்ம்ல கையெழுத்து போடாத. ஒரிஜினல் பாஸ்போர்ட், ஒரிஜினல் மார்க் ஷீட் அவங்க பீரோவுல இருக்க வேண்டிய அவசியமே இல்ல.

எல்லாத்துக்கும் ஆள் வேணுமான்னா வேண்டாம். பிள்ளைய பாக்க போற அப்பா அம்மாக்கு விசிட்டர் விசா, எக்ஸ்பிரஸ் என்ட்ரி ப்ரொஃபைல் போடறது, இதெல்லாம் பொறுமையா உக்காந்தா நாமளே பண்ணலாம், அந்த ப்ரொஃபைலுக்கு ஃபீசே கிடையாது, அதுக்கு அம்பதாயிரம் குடுக்கறவங்கள பாத்தா வயிறு எரியுது. ஆனா ஏற்கனவே ரிஜெக்ட் ஆயிருக்கு, பழைய ஃபைல்ல பொய் இருக்கு, பேர்ல போலீஸ் கேஸ் இருக்கு, டைவர்ஸ் ஆகி குழந்தைய கூட்டிட்டு போகணும், தங்கற காலம் தாண்டி அங்க இருந்துட்டோம், இப்படின்னா கன்சல்டன்ட் கூட வேண்டாம் நேரா வக்கீல். கனடா ஃபெடரல் கோர்ட்டுக்கு போகணும்னா வக்கீல் தான் முடியும், ஆர்சிஐசியால முடியாது. வெளிநாட்டுல இருந்து போட்ட ஃபைல்னா ரிஜெக்ட் தெரிஞ்சு 60 நாளைக்குள்ள கேஸ் போடணும், எட்டு மாசம் ப்ராசஸ்ல இருக்குன்னு நம்பி உக்காந்திருந்தா அந்த நாளும் போயிரும். ரெண்டு மூணு வக்கீல்கிட்ட வீடியோ கால்ல பேசுங்க, முதல் பேச்சுக்கு ஃபீஸ் வாங்குவாங்க, அது தப்பு இல்ல. என் அனுபவத்துல உங்களுக்கு சான்ஸ் கம்மின்னு மூஞ்சிக்கு நேரா சொல்றவரு தான் நம்பக்கூடிய ஆளு.

அரூர், பென்னாகரம், பர்கூர் பக்கத்துல இருந்து துபாய், சவுதி, குவைத்னு வேலைக்கு போறவங்களுக்கு கதை வேற. அங்க பாக்க வேண்டியது நம்ம நாட்டு லைசன்ஸ் தான். 1983ஆம் வருஷ எமிக்ரேஷன் சட்டப்படி வெளியுறவுத் துறைல பதிஞ்ச ரெக்ரூட்டிங் ஏஜெண்ட் மட்டும் தான் ஆள் எடுக்கலாம், இமைக்ரேட் இணையதளத்துல லிஸ்ட் இருக்கு, ஆக்டிவா காலாவதியானு காட்டும். ஊர்ல டீக்கடைல உக்காந்து "நம்ம பாய் கம்பெனிக்கு தான் ஆள் எடுக்கறேன்"னு சொல்ற சப் ஏஜெண்டுக்கு சட்டத்துல இடமே இல்ல. லைசன்ஸ் இருக்கறவங்களே சர்வீஸ் சார்ஜா அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டியும் தான் வாங்கலாம், ஆக 35,400. விசிட் விசால போயிரு, அங்க போய் மாத்திக்கலாம்னா போகாதீங்க. தாய்லாந்துல டேட்டா என்ட்ரி வேலைன்னு கூட்டிட்டு போய் மியான்மர்ல மியாவடில அடைச்சு வச்சு ஆன்லைன் மோசடி செய்ய வச்சாங்களே, 2022ல நம்ம தமிழ்ப் பசங்கள மீட்டு கொண்டு வந்தாங்க, அதுலயும் ஆசை காட்டுனது இப்படிப்பட்ட ஏஜெண்டுங்க தான். சந்தேகம்னா அயலகத் தமிழர் நலத்துறை 1800 309 3793, மத்திய அரசோட பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா 1800 11 3090, ரெண்டும் இலவசம். கிண்டில தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமே இருக்கு, நம்ம மாவட்டத்துல அத ஏனோ யாரும் சொல்றதே இல்ல.

ஏற்கனவே கட்டிட்டீங்கன்னா வெக்கப்பட்டு வீட்டுக்குள்ள உக்காராதீங்க. முதல்ல வாட்ஸ்ஆப் சாட், கால் ரெக்கார்டிங், பேங்க் ஸ்டேட்மெண்ட், அவங்க குடுத்த பேப்பர் எல்லாம் ரெண்டு செட் எடுத்து வைங்க, சண்டை போட்டப்புறம் அவங்க மெசேஜ டெலிட் பண்ணுவாங்க. ஆன்லைன்ல பணம் போட்டு ஏமாந்தா உடனே 1930, எவ்ளோ சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்ளோ நல்லது. இல்லன்னா எஸ்பி ஆபீஸ்ல மனு, மோசடிக்கு இப்ப பழைய 420 இல்ல, 2024 ஜூலைல இருந்து பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்துல 318ஆவது பிரிவு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்லயும் குடுக்கலாம். வக்கீல் வைக்க காசு இல்லன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, நம்பர் 15100. அந்த நாட்டு அமைப்புலயும் புகார் போடுங்க, லைசன்ஸ் இல்லாதவன் மேலயும் கனடாவோட அந்த கன்சல்டன்ட் காலேஜ் புகார் வாங்குது. இன்னொன்னு, பழைய ஃபைல்ல தப்புத் தகவல் போயிருக்குன்னு தெரிஞ்சா அடுத்த அப்ளிகேஷன்ல மறைக்காதீங்க, நடந்தத எழுதி விளக்கம் வைங்க, அதுக்கு தான் நாங்க வான்கூவர்ல இருக்கற ஒரு வக்கீலுக்கு ஒரு மணி நேர ஃபீஸ் கட்டினோம். பெங்களூர் ஆபீஸ்ல இருந்து அறுபதாயிரம் தான் திரும்பி வந்துச்சு, அதுவும் ஸ்டேஷன்ல மனு குடுத்தப்புறம். அக்கா அத அப்படியே தோப்பு குத்தகைக்காரருக்கு குடுத்துட்டா, பையன் இப்ப ஓசூர் பஸ்ல ஐஇஎல்டிஎஸ் புக்க வச்சு படிச்சுக்கிட்டு ஷிஃப்ட்டுக்கு போயிட்டு இருக்கான்.